சோற்றைக் குறைத்து நடக்கத் தொடங்கியதும் மூட்டு நோவு: எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது

கேள்வியின் சுருக்கம் இது. திருகோணமலை உவர்மலையில் இருக்கும் 48 வயது ஆண், உயரம் 162 சென்ரிமீற்றர். ஆறு கிழமையில் 91 கிலோவிலிருந்து 84 கிலோவுக்கு இறங்கியிருக்கிறார். இரவுச் சாப்பாடு முற்றாக நிறுத்தம். மத்தியானம் கொஞ்சச் சோறும் மரக்கறியும். விடிய டச் பே கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஒரு மணித்தியாலம் நடையும் ஓட்டமும். இப்போது படியிறங்கும்போது இரண்டு முழங்காலும் நோகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் இடது குதிக்கால் குத்துகிறது. தொடை முழுக்க உளைவு, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு. போன கிழமை ஓரிரவு வலது காற் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை படவும் பொறுக்காமல் நொந்து, நாலு நாளில் தானாக வடிந்தது. பிறஷருக்கு லோசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும், கொலஸ்ட்ரோலுக்கு அடோர்வாஸ்டட்டினும் எடுக்கிறார். நோவுக்குப் பாமசியில் டைக்குளோபெனக் வாங்கி நாளுக்கு இரண்டு போடுகிறார். நடையை நிறுத்துவதா, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் மாறுமா, கொலாஜன் தூள் நல்லதா என்று கேட்கிறார்.

நடையை நிறுத்த வேண்டாம். இன்றே நிறுத்த வேண்டியது டைக்குளோபெனக்.

காரணம் நீங்கள் எடுக்கும் இரண்டு பிறஷர்க் குளிசைகள். சிறுநீரகத்துக்குள் இரத்தம் வரும் சிறு குழாயை விரித்து வைத்திருக்கும் சுரப்பை டைக்குளோபெனக் அடக்கிவிடும். வெளியே போகும் குழாயை லோசார்டன் தளர்த்தும். ஹைட்ரோகுளோரோதயசைட் உடம்பின் நீரையும் உப்பையும் இறக்கும். மூன்றும் ஒன்றுசேர, மேலே ஒரு மணித்தியாலம் வியர்த்தும் விட்டால், சிறுநீரகத்தில் வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிடும். இது பெரும்பாலும் நோவே இல்லாமல் நடக்கும் கேடு, இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பைப் புண், தொடர்ந்து போட்டால் பிறஷர் ஏறுவது எல்லாம் அதற்கு மேலதிகம். இபுபுரூபனுக்கும் இதே கதைதான்.

அதற்குப் பதிலாகப் பரசிற்றமோல், அதாவது பனடோல், 500 மில்லிகிராம் குளிசை ஒரு வேளைக்கு இரண்டு. இரண்டு வேளைக்கு இடையில் ஆறு மணித்தியாலம் விடுங்கள். 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசையைத் தாண்டக் கூடாது. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். ஈரல் வருத்தமோ தினக் குடியோ இருந்தால் அளவை வைத்தியர் சொல்லட்டும். முழங்காலுக்கு டைக்குளோபெனக் ஜெல் பூசலாம். தோலுக்கு அடியில் கிட்ட இருக்கும் மூட்டென்பதால் அங்கு நன்றாக வேலை செய்யும், இரத்தத்தில் கலப்பது குளிசையோடு ஒப்பிடச் சிறு பங்குதான். ஆனாலும் ஜெல்லைத் தொடங்குமுன் கீழே சொல்லும் சிறுநீரகப் பரிசோதனை முடிவு கைக்கு வரட்டும். இன்னொன்று: காய்ச்சலோடு மூட்டு நோவு வந்தால் டைக்குளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் மூன்றின் பக்கமும் போகக் கூடாது. அது டெங்காக இருந்தால் இவை இரத்தக் கசிவைக் கூட்டும்; 2017இல் டெங்கினால் கிண்ணியா பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. சிக்குன்குனியா என்றால் காய்ச்சல் போன பிறகும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் மாதக்கணக்கில் இறுகி நோகும். அண்மையில் அப்படி ஒரு காய்ச்சல் வந்திருந்தால் பழியை நடைமேல் போடுமுன் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இனி நோவுகளுக்கு வருவோம். உங்களுக்கு இருப்பது ஒரு நோவல்ல, ஐந்து. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய், ஒரே குளிசை என்று பார்ப்பதால்தான் ஒன்றும் மாறாமல் இருக்கிறது.

பெருவிரலில் வந்தது ஏறக்குறைய நிச்சயமாகக் கௌட் எனப்படும் யூரிக் அமில மூட்டுவீக்கம். இரவில் திடீரென்று தொடங்கி, ஒரு மூட்டு மட்டும் சிவந்து, தொடவிடாமல் நொந்து, சில நாளில் தானாக வடிவது அதன் கையெழுத்து. இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலீற்றருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் பளிங்காகப் படியத் தொடங்கும். காற்பெருவிரல் உடம்பின் மற்ற இடங்களைவிடக் குளிர்ந்திருப்பதால் அங்கே படிவது சுலபம். உணவு குறைக்கும்போது ஏன் வருகிறது என்பதுதான் பலருக்குப் புரியாத இடம். பட்டினி கிடந்தால் கொழுப்புக் கரைந்து கீற்றோன் எனும் பொருள் இரத்தத்தில் கூடும். அதுவும் யூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் ஒரே வழியால் வெளியேறப் போட்டியிடும், யூரிக் அமிலம் உள்ளே தங்கிவிடும். ஹைட்ரோகுளோரோதயசைட்டும் அதே வேலையைச் செய்யும். வியர்வையில் நீர் குறைந்தால் மூன்றாவது அடி. ஆறு கிழமையில் ஏழு கிலோ என்பது இதற்கு வாசலைத் திறந்துவிடும் வேகம். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இளநீரோடு இருப்பவர்களுக்கும், நோன்பு மாதத்தில் நோன்பு திறந்த பின் தண்ணீரைக் குறைத்து இறைச்சியைக் கூட்டுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

மறுபடி வந்தால் காலைத் தலையணைமேல் உயர்த்தி, துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு நாலைந்து தடவை. சூட்டு ஒத்தடம் வேண்டாம், உருவிவிடவும் வேண்டாம். கொல்ச்சிசின் போன்ற குளிசை வைத்தியர் தந்தால் முதல் நாளே தொடங்குவதில்தான் பலன். யூரிக் அமிலத்தை இறக்கும் அலோபுரினோலை நோவு நடக்கும்போது நீங்களாகத் தொடங்கக் கூடாது. யூரிக் அமிலம் திடீரென்று இறங்கினாலும் பழைய பளிங்குகள் அசைந்து நோவு கூடும். பரிசோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. நோவின் நடுவில் இரத்தம் எடுத்தால் யூரிக் அமிலம் சாதாரணமாகக் காட்டலாம், பலர் அதை நம்பி விட்டுவிடுகிறார்கள். நோவு அடங்கி இரண்டு கிழமை கழித்து மறுபடி எடுக்க வேண்டும். மருந்து தொடங்கினால் 6க்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு. லோசார்டன் யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கும் மருந்து, ஆகவே அதைக் குறை சொல்ல வேண்டாம். மாற்றிக் கேட்க வேண்டியது ஹைட்ரோகுளோரோதயசைட்டை.

தொடை உளைவுக்கு இரண்டு விளக்கம் உண்டு. பழகாத வேலை செய்த சதை மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உச்சமாக நொந்து, 72 மணித்தியாலத்துக்குள் வடியத் தொடங்கும். லக்ரிக் அமிலம் தேங்குவதால் என்று இன்றும் ஜிம்மில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஒரு மணித்தியாலமளவில் கழிந்துவிடும் பொருள். உண்மையில் சதை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது, படியிறங்கும்போதும் மணலில் கால் புதையும்போதும், நார்களில் ஏற்படும் நுண்ணிய கிழிவும் அழற்சியுமே காரணம். இதற்கு மருந்து மெதுவான நடை, வயிறாரப் புரதம், ஏழு மணித்தியால நித்திரை. அதே பயிற்சியை அடுத்த கிழமை செய்தால் நோவு பாதியாகும், சதை பழகிவிடும். ஆனால் இரண்டு தொடையும் ஒரே அளவாக, ஓய்வு நாளிலும் உளைந்தால், கதிரையிலிருந்து எழும்பக் கை ஊன்ற வேண்டியிருந்தால், அடோர்வாஸ்டட்டினையும் சந்தேகிக்க வேண்டும். வைட்டமின் டி குறைவும் தைரொயிட் மந்தமும் அந்தச் சந்தேகத்தைக் கூட்டும். நீங்களாக அந்தக் குளிசையை விடாதீர்கள், சதைச் சேதத்தைக் காட்டும் சிகே என்ற இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அளவைக் குறைப்பதாலோ வேறு ஸ்டட்டினுக்கு மாற்றுவதாலோ பெரும்பாலும் தீரும்.

கெண்டைக்கால் பிடிப்பு பாதி உப்புக் கதை, பாதி களைத்த சதையின் கதை. பிடித்த நேரம் கட்டிலில் இருந்தபடியே முழங்காலை நீட்டி, பாத விரல்களைக் கையால் முகத்தை நோக்கி இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். படுக்கப் போகுமுன் சுவரில் கை ஊன்றிக் கெண்டைச் சதையை மூன்று தடவை நீட்டிவிட்டால் இரவில் வருவது குறையும். தண்ணீர்க் கணக்குக்கு ஊகம் வேண்டாம். நடக்கப் போகுமுன்னும் வந்தபின்னும் வியர்வை துடைத்து நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு அரைக் கிலோவும் அரை லீற்றர் தண்ணீர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் போவது சாதாரணம். அந்நாட்களில் ஏழு மணிக்குமுன் வீடு திரும்பிவிட வேண்டும். பிறஷர்க்காரர் தினமும் ஜீவனி கரைத்துக் குடிப்பது சரியல்ல, அது வயிற்றோட்டத்துக்கான உப்பளவு. கடும் வியர்வை நாளில் ஒரு தம்ளர் தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போதும், சீனி தேவையில்லை. செவ்விளநீரில் பொற்றாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். லோசார்டன் எடுப்பவருக்குச் சிறுநீரகம் சரியாக இருந்தால் நாளுக்கு ஒன்றில் பாதகமில்லை. பதவிசிறிபுரப் பக்கம்போலச் சிறுநீரக நோய் கூடிய இடங்களைச் சேர்ந்தவர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் அதையும் குடிக்கக் கூடாது.

முழங்காலும் குதிக்காலும் மணலின் வேலை. கடற்கரை நடை மூட்டுக்கு மெதுவானது என்று எல்லாரும் சொல்வார்கள், அது பாதி உண்மை. குத்தும் அதிர்ச்சி குறைவுதான். ஆனால் புதைமணலில் நடக்கத் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்குமேல் சக்தி செலவாகும், குதிக்கால் ஒவ்வொரு அடியிலும் கீழே இறங்கிப் பாதத்தின் அடிநாரையும் குதிநாரையும் இழுக்கும். ஈரமணல் இறுக்கமாக இருக்கும், ஆனால் சரிந்திருக்கும். வேறு நாடுகளில் கடல் வற்றினால் நூறு மீற்றர் அகலத்துக்குத் தட்டையான மணல் வெளிவரும். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட உயர வித்தியாசம் இல்லை, ஆகவே நமக்கு எப்போதும் கிடைப்பது அலை ஏறி இறங்கும் சரிவுதான். அதில் ஒரு பக்கமாகவே நடந்தால் கடற்பக்கக் கால் குட்டையானதுபோலவும் கரைப்பக்கக் கால் நீண்டதுபோலவும் உழைக்கும். முழங்காலின் வெளிப்பக்கமும் நாரியும் நோவது அதனால்.

அடுத்த நாலு கிழமைக்கு மணலை விடுங்கள். மக்கெய்சர் மைதானமோ உட்துறைமுக வீதியோ போதும், சப்பாத்துப் போட்டுக்கொண்டு. கோணேசர் கோயிலுக்கு ஏறும் கோட்டை வீதி மூச்சுக்கு நல்ல பயிற்சி, ஆனால் உங்கள் முழங்காலுக்கு எதிரி ஏற்றமல்ல, இறக்கம். இறங்கும்போது முழங்காற் சிரட்டை தொடையெலும்பில் அழுந்தும் விசை உடல் நிறையைப் பல மடங்கு தாண்டும். ஏறிவிட்டு இறங்கும்போது அடியைக் குட்டையாக்கிச் சற்று வேகமாக வைத்தால் அந்த விசை குறையும். முதற் கிழமை நாளுக்கு இருபது நிமிடம், பத்துப் பத்தாகப் பிரித்தாலும் சரி. பிறகு கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஓட்டம் இப்போதைக்கு வேண்டாம். மணலுக்குத் திரும்பும்போது சப்பாத்தோடு பத்து நிமிடத்தில் தொடங்கி, போன வழியே திரும்பி வாருங்கள், சரிவு இரண்டு காலுக்கும் பங்காகும்.

கடலுக்குள் இறங்கி நடப்பதுதான் உங்கள் நிறைக்கு ஏற்ற பயிற்சி. இடுப்பளவு நீரில் கால் தாங்குவது உடல் நிறையின் பாதி, நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கரைக்குச் சமாந்தரமாக இடுப்பளவில் முன்னுக்கும் பின்னுக்குமாக இருபது நிமிடம். ஆள் துணையோடு மட்டும், பழைய ரப்பர்ச் சப்பாத்தோடு. வாடைக் காலத்தில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, இந்த யோசனையையே மறந்துவிடுங்கள்.

நடை மட்டும் முழங்காலைக் காப்பாற்றாது. அதைக் காப்பது தொடைச் சதையும் இடுப்புப் பக்கச் சதையும். ஒருநாள் விட்டு ஒருநாள், நாலே பயிற்சி. முதலாவது, சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கால் சற்றே மடியும் அளவுக்கு மட்டும் இறங்கி அசையாமல் 30 விநாடி நிற்பது, ஐந்து தடவை. நோவு கூடிய நாளிலும் இதைச் செய்யலாம், அசையாமல் பிடிக்கும் சதை நோவைத் தணிக்கும். இரண்டாவது, கையில்லாக் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது. எழும்ப இரண்டு எண்ணிக்கை, இருக்க நாலு எண்ணிக்கை, எட்டுத் தடவை, இரண்டு சுற்று. நோவு வந்தால் கதிரையில் தலையணை வைத்து உயர்த்துங்கள். முழங்கால் உள்ளே சாயாமல் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலானோர் பிழைவிடும் இடம் இதுதான், கூடவே தொப்பென்று விழுந்து இருப்பதும். மூன்றாவது, பக்கவாட்டில் படுத்து மேற்காலை நேராக, குதி சற்றுப் பின்னே இருக்க, ஒரு சாண் உயர்த்தி மூன்று விநாடி பிடிப்பது, பக்கத்துக்குப் பன்னிரண்டு. நாலாவது, மல்லாந்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது, பன்னிரண்டு. இரண்டு கிழமையில் இது சுலபமானால் கதிரையிலிருந்து தலையணையை எடுங்கள், அடுத்து சுற்றை மூன்றாக்குங்கள், பிறகு 15 சென்ரிமீற்றர்ப் படியில் ஏறி இறங்குங்கள். ஒரே கிழமையில் இரண்டைக் கூட்ட வேண்டாம்.

எவ்வளவு நோவு சரி என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பத்தில் மூன்று, நாலு என்ற நோவோடு பயிற்சி செய்யலாம், ஆனால் அடுத்த நாள் விடிய அது பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் நேற்றைய அளவு கூடிப்போச்சு. நிறுத்தாமல் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். நோவே வராமல் பயிற்சி செய்ய நினைப்பவர்கள் பத்து நாளில் கட்டிலுக்குப் போய்விடுவார்கள், நோவைப் பொருட்படுத்தாதவர்கள் ஒரு மாதத்தில். பலன் தெரிய ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை எடுக்கும். முழங்கால் நொறுநொறுவென்று சத்தம் போடுவதற்குப் பயப்படாதீர்கள். நோவோ வீக்கமோ இல்லாத சத்தத்துக்கு மருத்துவம் இல்லை, தேவையும் இல்லை.

குதிக்காலுக்கு: கட்டிலை விட்டு இறங்குமுன், இடது காலை வலது தொடையில் போட்டு, கால் விரல்களைக் கையால் பின்னுக்கு வளைத்துப் பாதத்தின் அடியில் நார் கம்பிபோல் எழும்பும்வரை இழுத்துப் பத்து விநாடி பிடியுங்கள், பத்துத் தடவை. முதல் அடியின் குத்து அன்றே குறையும். நோவை அடியோடு மாற்றுவது பாரப் பயிற்சி. ஒரு துவாயைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, கால் விரல்களை அதன்மேல் ஏற்றி, முன்பாதத்தில் நின்று, குதியை மூன்று எண்ணிக்கையில் உயர்த்தி, இரண்டு எண்ணிக்கை நின்று, மூன்று எண்ணிக்கையில் இறக்குங்கள். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். உங்கள் நிறைக்கு முதல் மூன்று கிழமை இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக் காலில், ஒரு கை சுவரில். வீட்டுக்குள் டைல்ஸ் தரையிலும் சீமெந்திலும் வெறுங்காலோடு நிற்காதீர்கள், உள்ளே போட மட்டும் தடித்த அடியுள்ள சிலிப்பர் ஒன்று வைத்திருங்கள். அடி தேய்ந்து தட்டையான பழைய பாட்டாச் செருப்பைக் குப்பையில் போடுங்கள். இது மாதங்கள் எடுக்கும் நோவு. ஊசி போட்டு அவசரப்படுத்துவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் உங்கள் பிழை குறைத்ததல்ல, குறைத்த பொருள். சோற்றோடு மீனும் முட்டையும் போய்விட்டன. இப்படிக் குறைந்த ஏழு கிலோவில் நீரும் சதையும் கணிசமாக இருக்கும், சதை போனால் முழங்காலைத் தாங்க ஆளில்லை. இலக்கு நிறையை 70 கிலோ என்று வைத்தால் நாளுக்கு 85 தொடக்கம் 100 கிராம் புரதம் வேண்டும். காலையில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை அவித்த கடலையோ பயறோ, ஏறக்குறைய 26 கிராம். மத்தியானம் ஒரு கோப்பைச் சோறு, முள் நீக்கி 120 கிராம் மீன், அரைக் கோப்பைப் பருப்பு, மிச்சத் தட்டு முழுக்கக் கீரையும் மரக்கறியும், இது 35 கிராமுக்குமேல். பின்நேரம் கிண்ணியாத் தயிர் 150 கிராம், சீனியும் பாணியும் விடாமல். எருமைத் தயிரில் கொழுப்பு உண்டு, ஆகவே சட்டியோடு உட்கார வேண்டாம். இரவு ஏழு மணிக்குள் ஒரு குரக்கன் ரொட்டியோ இரண்டு இடியப்பமோ, இன்னொரு துண்டு மீனோடு. குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்குமேல் கல்சியம் இருக்கிறது. தேங்காய்ப்பூச் சம்பலையும் பொரியலையும் பாதியாக்கினாலே இறங்க வேண்டிய கலோரி இறங்கிவிடும். நிறை கிழமைக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோவரை இறங்கினால் போதும்.

மீனில் ஒரு சிக்கல். சூடை, நெத்தலி, கருவாடு, இறால், ஈரல் ஆகியவற்றில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அதிகம். மற்றவர்களுக்கு முள்ளோடு தின்னும் நெத்தலி கல்சியத்துக்கு அருமையான பொருள், உங்களுக்கு இப்போதைக்குக் கிழமைக்கு ஒருதரம், ஒரு கைப்பிடி. பாரை, விளைமீன் போன்றவற்றை மேற்சொன்ன அளவில் தின்னலாம். பருப்பும் பயறும் கௌட்டைக் கூட்டும் என்று ஊரில் ஒதுக்குவார்கள், மரக்கறிப் பியூரினால் அந்த ஆபத்து கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. கள்ளும் பியரும் நேரடி எதிரிகள். போத்தல் சோடாவும் சீனி போட்ட பழச்சாறும் அதற்கு அடுத்தவை. நல்ல தயிர் உங்கள் பக்கம்.

நிறை குறைவது முழங்காலுக்கு எவ்வளவு உதவும் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் விசை ஏறக்குறைய நாலு கிலோ குறையும். முழங்கால் தேய்வுள்ள 454 பேரை 18 மாதம் தொடர்ந்து 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உணவும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் நிறையில் பத்திலொன்றுக்குச் சற்று அதிகமாகக் குறைத்தார்கள், நோவு ஏறத்தாழப் பாதியானது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. ஆகவே நீங்கள் எடுத்த முடிவு சரி, வேகம்தான் பிழை.

கன்னியாவுக்கு வருவோம். ஏழு கிணற்றிலும் வேறு வேறு அளவில் இருக்கும் அந்த இதமான சூடு இறுகிய நாரிக்கும் தொடைக்கும் சுகம் தரும், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாளியால் அள்ளி ஊற்றும் சில நிமிடச் சூடு தோலைத் தாண்டி ஆழம் போகாது. சதையின் இறுக்கம் தளரப் பதினைந்து இருபது நிமிடம் தொடர்ந்து சூடு வேண்டும், அதற்கு வீட்டில் சுடுதண்ணீர்ப் பையைத் துவாயில் சுற்றி வைப்பதே போதும். சிவந்து கொதிக்கும் மூட்டுக்கு, அன்றைய சுளுக்குக்கு, கன்னியாவும் வேண்டாம் பையும் வேண்டாம். சலரோகத்தால் பாதம் மரத்தவர்கள் காலால் சூடு பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். சித்தாலேப, பிண்ட தைலம் பூசுவதில் குற்றமில்லை, உருவுகிற கையின் பலன் அதில் பாதி. பெயர் ஒட்டாத தூளும் உருண்டையும் மட்டும் வேண்டாம். இரண்டு நாளில் எல்லா நோவும் பறந்தால் அதில் ஸ்ரீரொயிட் கலந்திருக்கச் சாத்தியம் அதிகம். முகம் உப்பி, சீனியும் பிறஷரும் ஏறிய பிறகுதான் பலருக்கு விளங்கும்.

கொலாஜன் தூள் வயிற்றுக்குள் போனதும் மற்றப் புரதம்போல உடைந்துவிடும், அதுவும் திரிப்ரோபான் எனும் அமினோ அமிலம் இல்லாத அரைகுறைப் புரதம். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். குளுக்கோசமைனுக்கும் அதே பதில். 1,583 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியான ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால், மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாக நிற்கவில்லை.

சில அறிகுறிகளுக்கு இந்தப் பதில் எதுவும் பொருந்தாது, நேரே வைத்தியசாலைதான். காய்ச்சலோடு ஒரு மூட்டு வீங்கிக் கொதித்தால் மூட்டுக்குள் கிருமி இருக்கலாம், மணித்தியாலக் கணக்கு முக்கியம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி இறுகினால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் சதை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. நாரி நோவோடு, உட்காரும் பிட்டப் பகுதி மரத்து, சிறுநீர் கட்டுப்படாவிட்டால் முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுகிறது. நடக்கும்போது மட்டும் வந்து நின்றால் போகும் இடது தோள், தாடை, நெஞ்சு நோ மூட்டு நோவல்ல, இதயம். அது நின்ற பிறகும் போகாவிட்டால் 1990க்கு எடுத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அவசரமில்லாத, ஆனால் தட்டிக்கழிக்கக் கூடாத ஒன்று: விடிய எழும்பினால் கைவிரல் மூட்டுகள் ஒரு மணித்தியாலத்துக்குமேல் இறுகியிருப்பது. தேய்மான மூட்டு அரை மணித்தியாலத்துக்குள் இளகிவிடும், இது வாத மூட்டுவீக்கமாக இருக்கலாம்.

அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் இந்தக் கிழமையே ஒரு வைத்தியரைப் பாருங்கள். கேட்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகள்: கிரியாற்றினினும் அதிலிருந்து கணிக்கும் ஈஜிஎப்ஆர் எனும் சிறுநீரக வடிகட்டல் அளவும், சோடியம், பொற்றாசியம், சிகே, தைரொயிட்டுக்கு ரீஎஸ்எச், முடிந்தால் வைட்டமின் டி, இரண்டு கிழமை கழித்து யூரிக் அமிலம். ஹைட்ரோகுளோரோதயசைட்டை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஏழு கிலோ இறங்கிய உடம்புக்குப் பழைய அளவுப் பிறஷர் மருந்து கூடிப்போயிருக்கலாம், இருந்து எழும்பும்போது தலை சுற்றுகிறதா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். பெருவிரல் வீங்கியிருந்தபோது போனில் படம் எடுத்திருந்தால் காட்டுங்கள். டைக்குளோபெனக் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை போட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், கிரியாற்றினின் கூடியிருந்தால் ஏன் என்று அவர் தேடத் தொடங்குவது அங்கிருந்துதான்.